கோவைக் குளக்கரை நடைபாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் குளக்கரைகளில் நடைபாதை வந்த பிறகு, வெளியூரிலிருந்து வருகிறவர்களும் பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எங்கே ஏறுவது, சைக்கிள் விடுவார்களா, நாற்றம் அடிக்குமா, அப்பாவைக் கூட்டிப்போகலாமா. இந்தக் கரைகளில் நடக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்தப் பாதையைச் சொல்கிறீர்கள்?

ரேஸ்கோர்ஸில் தொடங்கி, சுங்கம், வாலாங்குளம், உக்கடம் பெரியகுளம், செல்வசிந்தாமணி குளம், குமாரசாமி குளம் என்று போய், காந்திபார்க்கில் முடிகிற வரிசையை. குமாரசாமி குளத்தை முத்தண்ணன் குளம் என்றுதான் நம் ஊரில் நிறையப் பேர் சொல்வார்கள். நகரங்களை மேம்படுத்த மத்திய அரசு கொண்டுவந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில், 2016 ஜனவரியில் வந்த முதல் பட்டியலிலேயே கோவை இருந்தது. கரைகளில் நடைபாதை, உட்காரும் இடம், விளக்கு எல்லாம் அந்தத் திட்டத்தில் வந்தவை. நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே குறிச்சிக் குளத்திலும் இதே வேலை நடந்தது. தமிழ் எழுத்துகளையே சேர்த்துச் செய்த திருவள்ளுவர் சிலை நிற்பது அங்கேதான்.

இவையெல்லாம் தனித்தனித் துண்டுகளாகப் போடப்பட்டவை. இதை ஒரே பாதையாக நினைத்து நடக்க வேண்டும், ஒரே பாதையாக ஆக்கவும் வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

நொய்யல் ஆற்றங்கரைப் பாதை என்றார்கள். நீங்கள் குளத்தைச் சொல்கிறீர்களே?

இந்த ஊரில் ஆறும் குளமும் வேறு வேறு இல்லை. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்கிற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. மலையில் மழை பெய்தால் வெள்ளம் வரும், நின்றால் ஆறு வற்றிவிடும். அந்தக் கொஞ்ச நாள் தண்ணீரைப் பிடித்து வைக்க நம் முன்னோர் ஆற்றின் குறுக்கே வரிசையாக அணைக்கட்டுகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, குளங்களை நிரப்பினார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரிகிற வாய்க்கால் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளங்கள் பக்கம் போகிறது. கோயமுத்தூர் அணைக்கட்டு வாய்க்கால் பெரியகுளத்துக்கு. பெரியகுளம் நிரம்பினால் மிச்சம் வாலாங்குளத்துக்கு. அங்கேயும் நிரம்பி வழிந்தால் மறுபடி ஆற்றுக்கே.

அதாவது, தண்ணீர் போக ஒரு தொடர்ச்சியான வழி முன்பே இருக்கிறது. ஆள் நடக்கும் வழியைத்தான் நாம் துண்டு துண்டாகப் போட்டிருக்கிறோம்.

சரி, ரேஸ்கோர்ஸில் ஏறினால் காந்திபார்க் வரை நிற்காமல் நடக்கலாமா?

நடக்கலாம். ஆனால் முழுவதும் நடைபாதையில் இல்லை. மூன்று இடத்தில் அறுந்து போகிறது.

முதல் இடம் சுங்கம். ரேஸ்கோர்ஸ் சுற்றுப்பாதை சுமார் இரண்டரை கிலோமீட்டர், நல்ல நிழல், நல்ல தரை. அங்கிருந்து வாலாங்குளத்துக்குப் போகத் திருச்சி சாலையைக் கடக்க வேண்டும். மேம்பாலத்துக்குக் கீழே நாலாபக்கமும் வண்டி திரும்புகிற இடம் அது.

இரண்டாவது உக்கடம். இதுதான் மோசமான இடம். வாலாங்குளத்துக்கும் பெரியகுளத்துக்கும் நடுவே பேருந்து நிலையம், சந்திப்பு, 2024-ல் திறந்த மேம்பாலத்தின் தூண்கள், மீன் மார்க்கெட் போக்குவரத்து. இரண்டு பக்கமும் அழகான நடைபாதை இருந்தும், நடுவில் இருக்கிற கொஞ்ச தூரத்துக்கு நடக்கிறவனுக்கென்று தெளிவான கோடு இல்லை. கைக்குழந்தையோடு வருகிற குடும்பம் பெரியகுளத்தோடு திரும்பிப் போய்விடுகிறது. எதிர்ப்பக்கம் இன்னொரு குளம் இருக்கிறது என்பதே வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, பெரியகுளத்துக்கும் குமாரசாமி குளத்துக்கும் இடையில். செல்வபுரம், தெலுங்குபாளையம் பக்கத்துத் தெருக்களும் பேரூர் சாலையும் குறுக்கே வருகின்றன. இங்கே ஆபத்து கொஞ்சம் குறைவு, குழப்பம் அதிகம். வழி கேட்டால் யாரும் சொல்வார்கள்.

அந்த இடைவெளிகளை எப்படி இணைப்பது? மேம்பாலம் கட்டவா?

வேண்டாங்க. நடைமேம்பாலம் கட்டினால் படி ஏறணும். படி என்றால் முட்டி வலிக்காரரும் சக்கர நாற்காலிக்காரரும் சைக்கிள்காரரும் வெளியே. தரை மட்டத்திலேயே, சாலையைக் கொஞ்சம் உயர்த்தி, வண்டி மெதுவாகிற மாதிரி கடக்கும் இடம் போட்டு, நடப்பவர்களுக்கு ஒரு சிக்னல் வைத்தால் போதும். சாலைகளுக்குத் தர விதிகள் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். உக்கடத்தில் அந்த 1.8 மீட்டரைத் தொடர்ச்சியாகக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மர், கடைப் பலகை, நிறுத்திய ஆட்டோ எதுவும் அதற்குள் வரக் கூடாது.

குளங்களுக்கு நடுவில் வாய்க்கால் ஓரத்தைப் பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம். ராஜவாய்க்கால், அதாவது குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற முக்கிய வாய்க்கால், எப்படியும் ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குத்தான் போகிறது. அதன் கரையைச் சுத்தம் செய்து நடக்க விட்டால் மூன்று நன்மை. பாதை இணையும். வாய்க்காலில் குப்பை கொட்டுவது ஆள் நடமாட்டத்தால் குறையும். தூர்வார இயந்திரம் போகவும் அதே வழி உதவும். பாதைக்காக வாய்க்காலைச் சிமெண்ட் மூடி போட்டு மறைப்பதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. மூடிய வாய்க்கால் சாக்கடை ஆகிவிடும், அப்புறம் அதைத் திறந்து பார்க்க ஆள் கிடைக்காது.

முதல் தடவை வருகிறவர் எங்கே ஆரம்பிக்கலாம்?

பெரியகுளம். பேருந்து வசதி உண்டு, கரை அகலம், 300 ஏக்கருக்கு மேல் விரிந்த தண்ணீர் எதிரே. மேற்கே பார்த்து நின்றால் மழை பெய்து கழுவின நாட்களில் மலைத்தொடர் முழுதும் தெரியும். ஓரளவு பழகின பிறகு வாலாங்குளம் போங்கள். ரயில் பாதை குளத்தை ஒட்டிப் போவதால் பிள்ளைகளுக்கு அங்கே கொண்டாட்டம்.

எந்த நேரம், எந்த மாதம் நல்லது?

காலை ஆறு முதல் எட்டு. கரையில் பெரிய நிழல் கிடையாது, ஒன்பது மணிக்கு மேல் தரை சுடும்.

மாலையில் வந்தால் காற்று கிடைக்கும், அதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால் வைகாசி கடைசியிலிருந்து ஆடி வரை மேற்கிலிருந்து காற்று நேராக வந்து அடிக்கும். தொப்பி நிற்காது. சைக்கிளில் வந்தால் போகும்போது மேற்குப் பார்த்து எதிர்காற்றில் மிதித்துவிட்டு, திரும்பும்போது காற்றோடு வருவதுதான் சரி.

பறவை பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை. நடக்க மட்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களை விட்டுவிட்டு எப்போதும் வரலாம்.

சைக்கிள் விடலாமா? பைக்?

சைக்கிளுக்கென்று தடம் போட்ட இடங்களில் விடலாம். மற்ற இடத்தில், குறிப்பாக மாலையில் குழந்தைகள் ஓடுகிற நேரத்தில், இறங்கித் தள்ளிக்கொண்டு போவது நல்லது. மணி அடித்து ஆட்களை ஒதுக்கிக்கொண்டு போகிற இடம் அல்ல இது.

பைக் கூடாது, எந்த நேரத்திலும். ஆனால் தடுப்பது சொல்வது போல எளிதல்ல. நுழைவாயில்களில் இரும்புக் கம்பங்களை நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் அதைவிடக் குறுகலானது. நாற்காலி நுழைகிற சந்தில் ஸ்கூட்டரும் நுழைந்துவிடும். ஸ்கூட்டரைத் தடுக்க இடைவெளியைக் குறைத்தால், முதலில் தடுக்கப்படுவது நாற்காலியில் வருகிற மனிதர். கம்பத்தை நெருக்கமாக நட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பதைவிட, காலையும் மாலையும் வாசலில் ஒரு காவலரை நிறுத்துவது நியாயம்.

அம்மாவுக்கு முட்டி வலி. வீல்சேரில் ஒரு பெரியவர் இருக்கிறார். கூட்டிவரலாமா?

பெரியகுளத்துக்கும் ரேஸ்கோர்ஸுக்கும் தாராளமாக. முட்டி வலிக்காரர்களுக்குத் தூரத்தைவிடத் தரைதான் முக்கியம். பேவர் பிளாக் ஒன்று எழும்பி இன்னொன்று இறங்கியிருந்தால் கால் தட்டும். அப்படிப்பட்ட இடங்களில் ஓரத்துக் கான்கிரீட் பட்டியில் நடக்கச் சொல்லுங்கள். உட்கார இடம் எங்கே என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சு வரை என்று கூட்டிப்போங்கள்.

சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை விதி எளிது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது பிடி நழுவும். தெருவிலிருந்து கரைமேல் ஏறும் இடங்களில்தான் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் குளக்கரை தெருவைவிட நல்ல உயரம். நாற்காலியைப் பின்பக்கமாக இறக்குவது பாதுகாப்பானது.

பெண்கள் தனியாக வரலாமா?

காலையில் வருகிறவர்களில் பெண்கள் நிறைய. மாலையிலும் கூட்டம் இருக்கும் வரை பயமில்லை. இருட்டிய பிறகு, ஆள் குறைந்த கரைகளில், குறிப்பாக விளக்கு எரியாத பகுதிகளில், துணையோடு வருவதே நல்லது. இதைப் பெண்களுக்கு அறிவுரையாகச் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. விளக்கு எரியாவிட்டால், கழிப்பறை பூட்டியிருந்தால், அது பாதையை நடத்துகிறவர்களின் குறை. ஒரு பாதை பாதுகாப்பாக இருப்பதற்கு ஆள் நடமாட்டம்தான் முதல் காரணம். துண்டு துண்டாக இருக்கிற பாதையில் கடைசித் துண்டுக்கு ஆள் போகாது. இணைப்பு வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாற்றம் அடிக்குமா?

சில நாள், சில இடத்தில், அடிக்கும். மழைத்தண்ணீர் வர வேண்டிய வாய்க்காலில் வீட்டுக் கழிவுநீரும் சேர்ந்து வருகிறது. கழிவுநீரில் உள்ள சத்தைத் தின்றுதான் ஆகாயத்தாமரை அப்படி வளர்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. அள்ளிப் போட்டால் சில வாரத்தில் மறுபடி மூடிவிடும், ஏனென்றால் அதற்குச் சாப்பாடு போய்க்கொண்டே இருக்கிறது. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. வீட்டுக் குழாய்கள் பாதாளச் சாக்கடையில் சேர்ந்தால்தான் தண்ணீர் அந்த நிலையத்துக்குப் போகும். பக்கத்தில் ஓடுகிற வாய்க்காலில் விட்டால் குளத்துக்குத்தான் வரும். உங்கள் வீட்டு இணைப்பு எதில் சேர்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

குளத்தைச் சுற்றி இவ்வளவு கான்கிரீட் போட்டது சரியா?

இது நியாயமான கேள்வி, ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

குளக்கரை முதலில் கரை. தண்ணீரைத் தாங்க மண்ணைக் கொட்டி, மிதித்து, இறுக்கிக் கட்டியது. நடைபாதை அதன்மேல் வந்த விருந்தாளி. கரையின் உச்சியில் மட்டும் தரை போட்டு, உள்சரிவில் கல்லும் புல்லும் கோரையும் இருந்தால் குளத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கோரைக்குள்தான் தாழைக்கோழியும் நாமக்கோழியும் முக்குளிப்பானும் கூடு கட்டுகின்றன. உள்பக்கத்தைச் சுவர் மாதிரி நேராக எழுப்பினால் தண்ணீருக்கும் நிலத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஈர விளிம்பு காணாமல் போகும். தண்ணீருக்குள் மண்ணைக் கொட்டி இடம் பிடித்து அழகுபடுத்துவதும் அப்படித்தான், குளம் அந்த அளவுக்குத் தண்ணீரை இழக்கும். நடைபாதை வேண்டும் என்று கேட்கிற நாம்தான் இந்த எல்லையையும் கேட்டு வாங்க வேண்டும்.

தரைக்கு எது நல்லது என்றால், புதிதாக உயர்த்திய மண் கரை சில மழைக்காலம் வரை அமுங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் போட்ட கான்கிரீட் விரிசல் விடும். பேவர் பிளாக் அமுங்கினால் எடுத்து, மணல் பரப்பி, மறுபடி வைக்கலாம். ஆனால் அந்த வேலையைச் செய்ய வருடா வருடம் ஆள் வர வேண்டும், இல்லையென்றால் மேடும் பள்ளமும்தான்.

மரத்தை எங்கே நடுவது என்பதும் இதோடு சேர்ந்தது. நிழல் வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கரை உச்சியில் அரசும் ஆலும் வைத்தால் வேர் கரையைப் பிளக்கும், வேர் செத்தால் அந்த வழியே தண்ணீர் கசியும். பெரிய மரங்களை வெளிப்பக்கம், கரை அடியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். புங்கனும் பூவரசும் அங்கே நன்றாக வரும்.

விளக்கு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பாதையில் வெளிச்சம் விழ வேண்டும், தண்ணீரில் விழக் கூடாது. கலர் கலராகக் குளத்தின் மேல் ஒளி அடிப்பது இரவில் அடைகிற பறவைகளுக்குத் தொந்தரவு.

கரையில் முன்பு குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

வாலாங்குளம், முத்தண்ணன் குளம் கரைகளில் தலைமுறையாக வாழ்ந்த ஏராளமான குடும்பங்களுக்குக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் அடுக்குமாடி வீடு கொடுத்து அனுப்பினார்கள். வெள்ள பயமில்லாத வீடு என்பது உண்மை. டவுனில் வீட்டு வேலைக்கும் மார்க்கெட் சுமைக்கும் நடந்தே போனவர்கள் இப்போது பஸ்ஸுக்குக் காசும் நேரமும் செலவழிக்கிறார்கள் என்பதும் உண்மை. இன்று நாம் காலார நடக்கிற இடம் ஒருவரின் வாசலாக இருந்தது. அந்தக் குடியிருப்புகளுக்குக் காலையில் போதுமான பேருந்து விடுவதும் குளக்கரைத் திட்டத்தின் செலவாகவே கணக்கிடப்பட வேண்டும்.

என்னென்ன பறவை பார்க்கலாம்?

கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, புள்ளிமூக்கு வாத்து, இலைக்கோழி, கருப்பு வெள்ளை மீன்கொத்தி. மீன்கொத்தியைப் பார்க்கப் பொறுமை வேண்டும். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகை வேகமாக அடித்துக்கொண்டு நிற்கும், தலை மட்டும் ஆடாது, அப்படியே செங்குத்தாக விழும். எழும்பும்போது அலகில் மீன் இருந்தால் நேராகக் கம்பிக்குப் போகும், இல்லையென்றால் கொஞ்சம் தள்ளி மறுபடி நிற்கும். இதைப் பார்க்க பைனாகுலர் வேண்டாம்.

பொரி, பிரெட் போடாதீர்கள். தண்ணீர் கெடும், தெருநாய் சேரும்.

நாயைக் கூட்டிவரலாமா?

கயிற்றோடு, கழிவை எடுக்கப் பையோடு. தெருநாய்கள் இருப்பதால் சின்ன நாயை இருட்டில் கொண்டு வராதீர்கள்.

மீன் கிடைக்குமா?

காலையில் பரிசலில் வலை எடுத்துவிட்டு வருகிறவர்கள் கரையில் விற்பதுண்டு. ஜிலேபி, கட்லா, ரோகு. கூட்டம் சேர்ந்தால் பாதையை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள்.

மழை வெள்ளத்தின்போது?

கலிங்கு (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்) வழிகிற நாளில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். தூரத்தில் நின்று பாருங்கள். வழிகிற தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் இழுவை பலம், பாசி வழுக்கும். கோவையில் மழையே இல்லாத நாளிலும் வெள்ளியங்கிரி மலையில் பெய்தால் நொய்யலில் திடீரென்று தண்ணீர் ஏறும், அதனால் ஆற்றுக்குள் இறங்கிப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம்.

திருப்பூர், ஈரோட்டில் இப்படி ஏதாவது உண்டா?

திருப்பூரில் நொய்யல் நகரின் நடுவிலேயே ஓடுகிறது. சாயக்கழிவால் ஆறு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 1992-ல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியானது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகே கழிவை வெளியே விடாத முறைக்கு மாற வேண்டிய கட்டாயம் வந்தது. அங்கே நடக்க நல்ல இடம் நஞ்சராயன் குளம். பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

ஈரோட்டில் என்னை மிகவும் ஏங்க வைப்பது காலிங்கராயன் வாய்க்கால். 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டியது, பவானி ஆற்றில் தொடங்கிச் சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய் நொய்யலைத் தொடுகிறது. பாம்பு போன தடத்தைப் பார்த்து வெட்டினார் என்று ஊரில் கதை சொல்வார்கள். மேட்டு நிலத்துக்கும் தண்ணீர் ஏறட்டும் என்று சரிவைப் பிடித்தே அப்படி வளைத்திருக்கிறார்கள். நகரத்துக்குள் கழிவுநீர் கலக்காமல் பிரித்துவிடப் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கரையில் நகர எல்லைக்குள் மட்டுமாவது மர நிழலோடு ஒரு பாதை போட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போக அதைவிட நல்ல வழி ஈரோட்டில் இருக்காது.

பாதை உடைந்திருந்தால், விளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது?

மாநகராட்சியிடம். 2010-ல் எட்டுக் குளங்களைப் பொதுப்பணித் துறையிடமிருந்து நீண்ட காலக் குத்தகைக்கு மாநகராட்சி எடுத்தது, கரையைப் பராமரிப்பது அவர்கள் பொறுப்பு. ஆறு, அணைக்கட்டு பற்றிய குறை என்றால் நீர்வளத்துறை. வார்டு கவுன்சிலரிடம் சொல்லலாம், வார்டு மக்கள் கூடுகிற பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து பேசலாம்.

எழுதும்போது "குளக்கரை சரியில்லை" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தக் குளம், எந்த வாசல், பக்கத்தில் உள்ள கம்பத்தின் எண், என்ன உடைந்திருக்கிறது என்று எழுதி, பகலில் எடுத்த படம் ஒன்றைச் சேருங்கள். உக்கடம் சந்திப்பில் பாதையை இணைக்கக் கேட்டு மனு கொடுப்பதாக இருந்தால், வாலாங்குளம் வாசலிலிருந்து பெரியகுளம் வாசல் வரை நீங்களே ஒரு தடவை நடந்து, எங்கெங்கே சாலையில் இறங்க வேண்டியிருந்தது என்று ஒவ்வொரு இடமாகக் குறித்துக் கொடுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.